நடைபாதைக் கடைக்காரர்கள் சங்கம் கட்டுவது எப்படி: டர்பன் வியாபாரிகளுக்கு

தெருவில் கடை போடுகிறவருக்கு முதலாளி இல்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொல்லையின் வேரே அங்குதான். தென்னாப்பிரிக்காவின் 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் அமைப்பைத்தான் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யும். வேலையிழப்புக் காப்பு நிதியும் வேலையிட விபத்து இழப்பீட்டு நிதியும் அவர்களுக்கானவையே. சொந்த மேசையில் தக்காளி விற்கிறவர் இவை எதிலும் சேர்த்தியில்லை.

அவருடைய பிழைப்பைத் தீர்மானிப்பது மாநகராட்சி. இடம் ஒதுக்குவது, வாடகை வைப்பது, பெர்மிட்டைப் புதுப்பிப்பது, சரக்கை அள்ளிக்கொண்டு போவது எல்லாம் அங்கேதான். ஆகவே சங்கத்தின் முதல் வேலை மாநகராட்சியோடு எழுத்தில் பேசக் கற்பது. கோஷமும் ஊர்வலமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாள் கையில் இல்லாமல் ஊர்வலம் போன சங்கங்கள் மறுவாரமே கலைந்து போகும்.

வார்விக் சந்திப்பு, விக்டோரியா தெரு, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் கொத்தமல்லி, கறிவேப்பிலை, மடும்பி (சேப்பங்கிழங்கு), மிளகாய், பூ, ஊதுபத்தி விற்கிற தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. நாட்டுச் சட்டம் எங்கும் ஒன்றே. நகராட்சி விதிகள் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விதியின் முழுப் பிரதி ஒன்று சங்கத்தில் இருக்க வேண்டும்.

பட்டியல்

ஒரு தெருவோடு தொடங்குங்கள். 20 முதல் 60 மேசைகள் வரை இருந்தால் போதும். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, இரண்டு ஆட்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு மேசையையும் வரைந்து எண் போடுங்கள். விளக்குக் கம்பம், தண்ணீர்க் குழாய், டாக்ஸி நிற்கும் இடம் எல்லாம் படத்தில் வரட்டும். நாளை "நீ இங்கே இருந்ததில்லை" என்று யாராவது சொன்னால், 14-ஆம் எண் மேசை இரண்டாவது கம்பத்துக்கு எதிரே, தேதியோடு இருக்கும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் எழுத வேண்டியவை: அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், தெருவில் அழைக்கும் பெயர், தொலைபேசி, விற்கும் சரக்கு, எந்த ஆண்டு முதல், பெர்மிட் யார் பேரில், அது முடியும் தேதி, உதவியாளர் பெயர், ஆபத்தென்றால் யாரை அழைப்பது, இரவில் சரக்கு வைக்கும் இடம். இந்தச் சுற்றை வாரநாள் ஒன்றில் ஒரு தடவையும் மாதக்கடைசிச் சனிக்கிழமையில் ஒரு தடவையும் செய்ய வேண்டும். சனிக்கிழமை மட்டும் வருகிறவர்களை விட்டுவிட்டால், மாநகராட்சி எடுக்கும் கணக்குக்கும் உங்கள் கணக்குக்கும் இடையில் ஓட்டை விழும். அந்த ஓட்டையைக் காட்டியே உங்கள் பட்டியலை ஓரம் கட்டுவார்கள்.

அடையாள எண்ணைப் பொதுப் பட்டியலில் எழுதாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சங்கத்துக்கும் பொருந்தும். எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே கையெழுத்து வாங்குங்கள். அடையாள எண்கள் தனித்தாளில், பூட்டிய பெட்டியில். வெளிநாட்டிலிருந்து வந்து கடை போட்டவர்களின் விவரம் வெளியே கசிந்தால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, பெர்மிட் உள்ளவர்களை மட்டும் உறுப்பினராக்குவது. பெர்மிட் தாத்தா பேரில் இருக்கும். தாத்தா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியிருக்கும். வெயிலில் நிற்பது மருமகள். சில இடங்களில் பெர்மிட்காரர் வீட்டிலிருந்து வாடகை வாங்குவார். மேசையில் நிற்பவருக்கு ஓட்டு இல்லையென்றால் சங்கத்தில் தெரு இருக்காது, காகிதம்தான் இருக்கும். ஒரு மேசைக்கு ஓர் ஓட்டு, அது அங்கே தினமும் நிற்பவருக்கு என்பதே சரியான வழி. இறந்தவர் பேரில் உள்ள பெர்மிட்டுகளைத் தனியாகக் குறித்து, மரணச் சான்றிதழ், உறவைக் காட்டும் ஆவணம், வாடகை கட்டிய பழைய ரசீதுகள், சங்கத்தின் கடிதம் நான்கையும் சேர்த்துப் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்துவிடுங்கள். சோதனைக்கு வந்து அவர்கள் கண்டுபிடித்தால் அது மோசடி என்று எழுதப்படும். நீங்களே முன்வந்து சொன்னால் விண்ணப்பம்.

தமிழர் மட்டும் சேர்ந்து தனிச்சங்கம் வைக்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். தெருவில் பெரும்பான்மை ஸூலு பேசும் பெண்கள். 1949-இல் ஆப்பிரிக்கர்-இந்தியர் கலவரத்தையும் 2021 ஜூலைக் கலவரத்தையும் பார்த்த ஊர் இது. பக்கத்து மேசை ஸூலு அம்மா உங்கள் சங்கத்தில் இல்லையென்றால், உங்களை அப்புறப்படுத்தும்போது அவரை அங்கே உட்காரவைப்பது மாநகராட்சிக்கு எளிது. கூட்டம் ஸூலுவில் நடக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்ல ஒருவர் இருக்கட்டும். வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகதிகளும் புகலிடம் கோரியவர்களும் வியாபாரம் செய்யலாம் என்று லிம்போப்போவில் எழுந்த சோமாலியர் வழக்கில் 2014-இல் மேல்முறையீட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பட்டியலின் பலன் 2020 ஏப்ரலில் தெரிந்தது. ஊரடங்கின் முதல் வாரத்துக்குப் பின் உணவுப் பொருள் விற்கும் தெருவியாபாரிகள் நகராட்சியின் எழுத்து அனுமதியோடு விற்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. பெயரும் இடமும் எண்ணும் தயாராக வைத்திருந்த அமைப்புக்கு அது ஒரு மின்னஞ்சல் வேலை. பட்டியல் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

விதிமுறையும் பதிவும்

பதிவு செய்யாமலே சங்கம் சட்டப்படி உயிரோடு இருக்கும். உறுப்பினர்கள் ஏற்று நிறைவேற்றிய எழுத்து விதிமுறை இருந்து, அதில் சங்கம் உறுப்பினரிலிருந்து வேறான தனி நபர், உறுப்பினர் மாறினாலும் தொடரும், தன் பேரில் சொத்து வைக்கலாம், வழக்குத் தொடுக்கலாம் என்ற வரிகள் இருந்தால் போதும். இவை இல்லாத விதிமுறை நீதிமன்றத்திலும் வங்கியிலும் நிற்காது.

வங்கிக் கணக்கும் மானியமும் வேண்டுமென்றால் 1997-ஆம் ஆண்டு இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பதிந்தபின் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 9 மாதத்துக்குள் கணக்கும் அறிக்கையும் அனுப்ப வேண்டும். பதிவு ரத்தாகிப் போகும் சங்கங்கள் பெரும்பாலும் இதை மறந்தவையே. சரக்கை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கூட்டுறவுச் சங்கம். அதற்கு 5 பேர் போதும். உரிமைச் சங்கத்தையும் வியாபாரக் கூட்டுறவையும் ஒரே அமைப்பாகக் கட்டாதீர்கள். தக்காளி நட்டத்தில் போன மாதம் சங்கமும் சேர்ந்து மூழ்கும்.

விதிமுறையில் கவனம் வேண்டிய இடம் கோரம், அதாவது கூட்டம் செல்ல எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. பாதிக்கு மேல் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று அலுவலகப் படிவத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். மேசையை விட்டு யார் வருவார்? மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள். அதுவும் கூடாவிட்டால் 7 நாள் கழித்து அதே இடத்தில் கூடி வந்தவர்களே கோரம் என்று எழுதுங்கள். பொறுப்பு 2 ஆண்டு, தொடர்ந்து 2 முறைக்கு மேல் கூடாது. மூன்றில் ஒரு பங்கு கையெழுத்துப் போட்டால் தலைவரை இடையில் மாற்றக் கூட்டம் கூட்டலாம். சந்தை வட்டாரத்தில் தலைவர் நாற்காலி வம்சச் சொத்தாவது புதிதில்லை. இந்த இரண்டு வரிகளை முதலிலேயே எழுதாவிட்டால் பிறகு எழுத விடமாட்டார்கள்.

கூட்டத்துக்கு நேரம் குறிப்பதில் தெருவின் நாடி தெரிய வேண்டும். சமூக உதவித்தொகை வரும் மாதத் தொடக்கமும் சம்பளம் வரும் மாதக்கடைசியும் விற்பனை நாட்கள்; தொடாதீர்கள். புரட்டாசி விரதத்தில் காய்கறிக்காரருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும்போது பூக்காரரும் தேங்காய்க்காரரும் அங்கேதான் இருப்பார்கள். மாதத்தின் மூன்றாவது வாரம், செவ்வாய் அல்லது புதன், காலைக் கூட்டம் ஓய்ந்தபின் 40 நிமிடம், அதே தெருவில். சாயங்காலம் வைத்தால் கடைசி டாக்ஸியைப் பிடிக்க வேண்டிய பெண்கள் வரமாட்டார்கள். பிறகு ஆண்கள் மட்டும் முடிவெடுத்த சங்கமாகிவிடும்.

பணம்

மாதச் சந்தா 20 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். 60 மேசைக்கு 1,200. நகல் எடுக்க, மாநகராட்சிக்குப் போய்வர, போன் கார்டு போட இது தாராளம். மூன்று மாதச் செலவுக்கான தொகை எப்போதும் தொடாமல் இருக்கட்டும். பறிமுதலான நாளில் அபராதம் கட்டவும் வண்டி வைக்கவும் அதுதான் உதவும்.

கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம், எண் அச்சடித்தது. வாங்குகிறவர் ஒருவர், வங்கியில் கட்டுகிறவர் இன்னொருவர். மாதம் ஒரு முறை, வரவு எவ்வளவு செலவு எவ்வளவு கையிருப்பு எவ்வளவு என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தெருவில் ஒட்டுங்கள். கணக்கு ஒட்டாத மாதத்தில்தான் வதந்தி பிறக்கும்.

வங்கிக்குப் போகும்போது விதிமுறை, கணக்குத் தொடங்கவும் கையெழுத்திடுகிறவர்களை நியமிக்கவும் நிறைவேற்றிய தீர்மானம், அவர்கள் அடையாள அட்டைகள், 3 மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று எடுத்துப் போங்கள். மூவர் பெயர், எந்த இருவர் கையெழுத்தும் செல்லும் என்று கேளுங்கள்.

கணக்குத் தொடங்கும்வரை பொருளாளரின் சொந்தக் கணக்கில் போட்டு வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. திருட்டுப் பயம் ஒருபுறம் இருக்கட்டும். வேலையில்லாதவர்களுக்கான சமூக நிவாரணத் தொகை பெறுகிறவர் அவராக இருந்தால், மாதம் 624 ராண்டுக்கு மேல் வரவு தெரிந்தவுடன் அந்த மாதத் தொகை நின்றுவிடும். வங்கிக் கணக்கை மாதாமாதம் இயந்திரம் சரிபார்க்கிறது. அது சங்கப் பணம் என்று அதற்குத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் சரக்கு வாங்க அனுப்பிய பணத்துக்கும் இதே கதிதான். மறுக்கப்பட்டால் 90 நாளுக்குள் முறையிடலாம். விதிமுறை, ரசீதுப் புத்தகப் பக்கம் இரண்டையும் இணைத்து, அது யார் பணம் என்று காவல் நிலையத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வையுங்கள். உறுதிமொழி வாங்கக் காவல் நிலையத்தில் கட்டணம் கிடையாது.

பறிமுதல் நாள்

சங்கத்தின் மதிப்பு தெரிவது இந்த அரைமணி நேரத்தில். ஆகவே இதை ஒத்திகை பார்த்து வைக்க வேண்டும்.

மெட்ரோ போலீஸ் வண்டி வந்து நின்றதும் சரக்குக்காரர் மேசையைக் கட்டிப் பிடிப்பார். இயல்புதான். ஆனால் கை பட்ட அடுத்த நொடி அது அதிகாரியைத் தடுத்த குற்றமாக எழுதப்படும். சரக்கு வழக்கு போய் கிரிமினல் வழக்கு வரும். பக்கத்து மேசைக்காரரின் வேலை இரண்டு. முதலாவது, "அக்கா, கையை எடுங்க, நான் படம் எடுத்துக்கிறேன்" என்று சொல்லி அவரை விலக்குவது. இரண்டாவது, நான்கடி தள்ளி நின்று படம் எடுப்பது. முதல் படம் சரக்கு மேசையில் முழுதாக இருக்கும்போது. பிறகு வண்டி எண், அதிகாரியின் பெயர்ப்பட்டை, ஏற்றுகிற விதம்.

ஒருவர் மட்டும் பேச வேண்டும். மூன்று கேள்விகள்: எந்த விதியின் எந்தப் பிரிவு? சரக்கு எங்கே போகிறது? பொருள்வாரியான ரசீது எங்கே? பறிமுதல் செய்தால் ரசீது தர வேண்டும் என்பது நகராட்சி விதியிலேயே இருப்பது. "காய்கறி, பல" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்; எண்ணி எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், "எண்ணாமல் எழுதியது" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வண்டி போனதும் சங்கத்தின் சொந்தத் தாள். எல்லா மேசையிலும் இதன் இரண்டு வெற்றுப் பிரதிகள் இருக்க வேண்டும். நிரப்பினால் இப்படி இருக்கும்: தேதி, மணி, மேசை எண், அதிகாரி பெயர், வண்டி எண், தக்காளி 2 பெட்டி, கொத்தமல்லி 30 கட்டு, மடும்பி ஒரு மூட்டை, மேசை 1, குடை 1, தராசு 1, ஒவ்வொன்றும் வாங்கிய விலை, பெர்மிட் காட்டினாரா, ரசீது தந்தார்களா, சாட்சி இருவர் கையெழுத்து. விலைக்கு ஆதாரமாக மொத்தச் சந்தைச் சீட்டு. இதனால்தான் கிளேர்வுட் மொத்தச் சந்தையில் வாங்கிய சீட்டுகளைத் தேதிவாரியாக ஓர் உறையில் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டும். சீட்டு இல்லையென்றால் தராசைப் படமாகவாவது எடுத்து வைத்திருங்கள்.

அன்றே சேமிப்புக் கிடங்குக்கு இரண்டு பேராகப் போங்கள். கீரையும் தக்காளியும் மறுநாளுக்குத் தாங்காது. "நாளைக்கு வாருங்கள்" என்றால் அப்படிச் சொன்னவர் பெயரையும் மணியையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வரும் கெடுக்கள்: அதிகாரம் பெற்ற அலுவலர் எடுத்த முடிவை எதிர்த்து நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 62-ஆம் பிரிவில் முறையீடு, முடிவு தெரிந்து 21 நாள். நிர்வாக நீதிச் சட்டப்படி எழுத்தில் காரணம் கேட்க 90 நாள். காணாமல் போன அல்லது அழுகிய சரக்குக்கு நட்டஈடு கேட்டு மாநகராட்சிக்கு எழுத்து அறிவிப்பு, 6 மாதம். இந்த 6 மாதம் தவறினால் நல்ல வழக்கும் வாசலிலேயே நிற்கும்.

இது வீண் வேலை இல்லை. டர்பனிலேயே ஒரு தெருவியாபாரி, 2013-இல் தன் சரக்கு பறிபோன பின், சட்ட வள மையத்தின் துணையோடு மாநகராட்சிமேல் வழக்குத் தொடுத்தார். மக்விக்கானா வழக்கு என்று அதற்குப் பெயர். 2015-இல் உயர்நீதிமன்றம், சரக்கைப் பறிக்கவும் தள்ளிவிடவும் கட்டற்ற அதிகாரம் தந்த விதிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி நட்டஈடும் தரச் சொன்னது. ஜொஹானஸ்பர்கில் 2013 அக்டோபரில் ஆயிரக்கணக்கான தெருவியாபாரிகளை, பெர்மிட் இருந்தவர்களையும் சேர்த்து, ஒரேயடியாக அகற்றியபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் டிசம்பர் 5 அன்று வழக்குப் போட்ட அமைப்புகளின் உறுப்பினர்கள் இருந்த இடத்துக்கே திரும்ப இடைக்கால உத்தரவு தந்தது. உறுப்பினர் யார் என்று காட்டக் கையில் தாள் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

தெருவையே தடைப்பகுதியாக அறிவிக்கப் போகிறார்கள் என்றால் 1991-ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் 6ஏ பிரிவைப் பிடியுங்கள். அறிவிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். மேற்பார்வையைச் சரிசெய்தால் தடை தேவைப்படாதா, தடையால் பெருவாரியான வியாபாரிகள் தொழிலை இழப்பார்களா என்றும் மாநகராட்சி மன்றம் யோசித்திருக்க வேண்டும். யோசித்ததற்கான தாளைத் தகவல் பெறும் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. தாள் இல்லை என்ற பதிலே உங்களுக்குச் சாதகம்.

சமைத்த உணவு விற்கிறவர்கள் ஒரு பலவீனத்தை முன்கூட்டியே அடைக்க வேண்டும்: 2018-இல் வந்த உணவிடச் சுகாதார விதி கேட்கும் ஏற்புச் சான்றிதழ். பெர்மிட் சரியாக இருந்தும் இது இல்லாமல் மூடப்பட்ட கடைகள் உண்டு. சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. 10 கடைக்கு ஒரு வெப்பமானி பொதுவில் வாங்கினால் போதும்.

மாநகராட்சியின் நாட்காட்டி

கோரிக்கையை எப்போது கொடுப்பது என்பதில்தான் பல சங்கங்கள் தோற்கின்றன. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு வரவுசெலவுத் திட்டம் மார்ச் இறுதிக்குள் மன்றத்தில் வைக்கப்படும். மே இறுதியில் நிறைவேற்றப் பார்ப்பார்கள். நடுவில் ஏப்ரல், மே மாதங்களில்தான் பொதுமக்கள் கருத்து. மேசை வாடகை ஏற்றமும் கழிவறை, கூரை, சேமிப்பறைக்கான பணமும் அந்த வரைவில் இருக்கும். ஆகஸ்டில் கழிவறை கேட்டால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

கோரிக்கை ஒரே பக்கம். ஒன்று முதல் ஐந்து வரை, ஒவ்வொன்றிலும் எண்ணும் இடமும்: "குழாய் வேண்டும்" என்பதைக் குப்பைக்கூடைக்குள் தள்ளலாம், "14-ஆம் மேசைக்கும் 15-ஆம் மேசைக்கும் இடையில் ஒரு குழாய், 60 கடைக்கு இப்போது ஒன்றுகூட இல்லை" என்பதைத் தள்ள முடியாது. கவுன்சிலருக்கு ஒரு பிரதி, தெருவியாபாரப் பிரிவுக்கு ஒரு பிரதி, உங்கள் பிரதியில் பெற்றதற்கான முத்திரை. பேச்சுவார்த்தைக்கு மூவர் போங்கள். அதில் ஒருவர் வாயே திறக்காமல் எழுதட்டும். அன்று மாலையே "இன்று ஒப்புக்கொண்டவை" என்று அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அதுவே குறிப்பேடாகிவிடும். மறுக்கவில்லையென்றால் ஒப்புக்கொண்டதாகத்தான் பின்னால் படிக்கப்படும்.

1910-இல் திறந்த அதிகாலைச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்ட 2009-இல் எடுத்த முயற்சியை வியாபாரிகள் தடுத்தது ஊர்வலத்தால் மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஊர்வலமும் இருந்தது, நீதிமன்ற வழக்கும், கட்டடத்தின் பாரம்பரிய மதிப்பைக் காட்டிய ஆட்சேபங்களும், எத்தனை குடும்பம் அதை நம்பியிருக்கிறது என்ற கணக்கும் சேர்ந்தே இருந்தன. 2011-இல் மாநகராட்சி திட்டத்தைக் கைவிட்டது.

ஊர்வலம் போவதென்றால் 1993-ஆம் ஆண்டுக் கூட்டங்கள் ஒழுங்குச் சட்டம். 15 பேர் வரை நிற்க அறிவிப்புத் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் 7 நாள் முன்னதாக எழுத்து அறிவிப்பு; 48 மணி நேரத்துக்கும் குறைவாகக் கொடுத்தால் தடுக்கலாம். இது அறிவிப்பு, அனுமதி விண்ணப்பம் இல்லை. 24 மணி நேரத்துக்குள் பேச்சுக்கு அழைக்காவிட்டால் அறிவித்தபடி போகலாம். அறிவிக்காதது குற்றம் என்பதையே 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் அறிவித்துவிட்டுப் போங்கள்: வழியில் கண்ணாடி உடைந்தால் அமைப்பாளரே பொறுப்பு என்பதை 2012-இல் அதே நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. 10 பேருக்கு ஒரு தொண்டர், கையில் பட்டை, தொண்டர் பெயர்ப் பட்டியல், வழிநெடுகப் படம். தடுக்க முயன்றோம் என்று நிரூபிக்க இவையே சான்று.

சமூகப் பாதுகாப்பு: இருப்பதை முதலில் வாங்குங்கள்

புதிய திட்டம் கேட்பதற்கு முன், ஏற்கெனவே இருப்பதில் உறுப்பினர்கள் எதைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். பட்டியலில் 60 வயது நிறைந்தவர்களைப் பிரித்தெடுங்கள்: முதியோர் உதவித்தொகைக்கு வருமான வரம்பு உண்டு, தெருவில் விற்பதாலேயே அது போய்விடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வளர்க்கிற பாட்டிமார், தாய் உயிரோடு வேறூரில் இருந்தாலும், வளர்ப்பவர் தாமே என்று காட்டிக் குழந்தை உதவித்தொகை கேட்கலாம். தொகைகள் ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். ஆரம்ப சுகாதார மையத்தில் சிகிச்சை இலவசம். வரிசையில் ஒரு நாள் வியாபாரம் போவதே அதன் விலை. இரண்டு மேசைக்காரர்கள் ஒருவர் மேசையை ஒருவர் பார்த்துக்கொள்ளும் முறையைச் சங்கமே எழுதி வைத்தால் இரத்த அழுத்த மாத்திரை விடுபடாது. அப்படிப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் பெர்மிட்டில் உதவியாளராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனையில் மாட்டுவார்.

அதிகம் பேருக்குத் தெரியாதது சாலை விபத்து நிதி. டாக்ஸி நடைபாதையில் ஏறி மேசையோடு ஆளையும் தள்ளிவிடுவது நடக்கக்கூடியது. நிதி சம்பளக்காரருக்கு மட்டுமல்ல; எரிபொருள் வரியிலிருந்து வருவது, ஓட்டுநரின் தவறால் காயம்பட்ட யாரும் கேட்கலாம். வண்டி எது என்று தெரிந்தால் 3 ஆண்டு, இடித்துவிட்டு ஓடிவிட்டால் 2 ஆண்டு கெடு. மருத்துவச் செலவு கிடைப்பது ஒருபுறம். வருமான இழப்பைக் கேட்க வருமானத்தைக் காட்ட வேண்டும். அங்கே மீண்டும் சீட்டு உறையும், அன்றாடக் கணக்கு நோட்டும்தான். ஒரு பக்கத்தில் தேதி, சரக்கு வாங்கியது, விற்றது, மீதி. நான்கு வரி போதும். தினமும் எழுத வேண்டும். கடைசி வாரத்தில் ஒரே மையில் உட்கார்ந்து எழுதிய ஆறுமாதக் கணக்கு எந்த வக்கீலையும் ஏமாற்றாது.

இல்லாததையும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவ கால வருமானம் தெருவியாபாரிக்கு இல்லை. சுயதொழில் பெண்களுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று சட்டச் சீர்திருத்த ஆணையம் ஆராய்ந்திருக்கிறது. அதுவரை சங்கமே ஏதாவது செய்யலாம் என்று பிரசவத்துக்கு இவ்வளவு, சாவுக்கு இவ்வளவு என்று விதிமுறையில் தொகை எழுதுவார்கள். அங்கே நிறுத்துங்கள். குறிப்பிட்ட தொகை தருவதாக வாக்குறுதி தந்து மாதப்பணம் வாங்கினால் அது காப்புறுதி வியாபாரம், உரிமம் வேண்டும். சாவு உதவிக்கு உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனத்தில் குழுவாகச் சேர்ந்து, ஆவணத்தில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரையும் காத்திருப்பு மாதங்களையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பிரசவத்துக்கு ஸ்டோக்வெல் என்னும் சீட்டுப் பிடிக்கும் முறை பொருந்தும்: 12 பேர், மாதம் 200 ராண்ட், முறைவைத்து 2,400, கர்ப்பிணிக்கு முறை முன்னே தள்ளப்படும் என்ற ஒரே ஒரு விதிவிலக்கு. சங்கக் கணக்கோடு கலக்காதீர்கள்.

கேட்கும்போது மேற்கோள் காட்ட ஒரு சர்வதேச ஆவணம் இருக்கிறது: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2015-ஆம் ஆண்டு 204-ஆம் பரிந்துரை. முறைசாராத் தொழிலாளருக்கும் சமூகப் பாதுகாப்பை விரிவாக்குவதும், அவர்களுடைய அமைப்புகளோடு கலந்து பேசுவதும் அதில் உண்டு. தெருவியாபாரிகளின் உலகக் கூட்டமைப்பான ஸ்ட்ரீட்நெட் 2002-இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் டர்பனிலேயே. நாட்டளவில் தென்னாப்பிரிக்க முறைசாரா வியாபாரிகள் கூட்டணி. வார்விக்கில் வேலை செய்யும் அசியே எடஃபுலேனி என்ற தொண்டு நிறுவனம் இடவமைப்பு வரைபடம் போடவும் பேச்சுவார்த்தைக்கும் உதவும். இவர்களிடம் முதல் நாளே போகலாம். பட்டியலோடு போனால் பேச்சு வேகமாக நகரும். சுயதொழில் பெண்கள் சங்கம் ஒன்று 1994 முதல் 2004 வரை இதே ஊரில் நல்ல வேலை செய்து கடைசியில் மூடப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். வெளிப்பணத்தை மட்டும் நம்பினால் பணம் நின்ற அன்று கதவும் சாத்தப்படும். 20 ராண்ட் சந்தா சின்னதுதான், ஆனால் அது சொந்தப் பணம்.

பொறுப்பு மாறும்போது கையளிக்க வேண்டியவை: தெருப்படம், உறுப்பினர் பட்டியல், பூட்டிய அடையாளத் தாள்கள், விதிமுறையின் மூலப்பிரதி, குறிப்பேடு, ரசீதுப் புத்தக அடிக்கட்டைகள், வங்கி ஆவணம், முத்திரை போட்ட கடிதங்கள், பறிமுதல் தாள்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வேறொருவர் வீட்டில். மின்னஞ்சல் முகவரி சங்கத்தின் பேரில் இருந்து கடவுச்சொல் இருவரிடம் இருக்க வேண்டும். பழைய செயலாளரின் சொந்த முகவரிக்கு வந்த 21 நாள் நோட்டீஸை அவர் கோபித்துக்கொண்டு திறக்காமல் விட்டால் முறையீட்டுக் காலம் முடிந்துபோகும். பெர்மிட் முடியும் தேதிகளைப் புதிய செயலாளர் முதல் வாரத்திலேயே நாட்காட்டியில் ஏற்றி, 60 நாள் முன்னதாக ஒவ்வொரு மேசைக்கும் போய்ச் சொல்லட்டும்.